பொய்யுரைக்க உரிமை உண்டோ? காண்ட், பொன்ஹோஃபர் ஆகியோரின் இரு கட்டுரைகளைப் பற்றிய ஒரு திறனாய்வு

கொலைசெய்யும் நோக்கத்தோடு ஒருவன் வந்து கதவைத் தட்டுகிறான். அவன் தேடிவந்த நம் நண்பன் நம் வீட்டினுள் ஒளிந்திருக்கிறான். ‘அவன் உள்ளே இருக்கிறானா?’ என்று வந்தவன் கேட்கிறான். என்ன விடை கூறுவது? ஒழுக்கவியல் பயிலத் தொடங்கும் இறையியல் மாணவர் எவரும் இவ்வெடுத்துக்காட்டைக் கேளாதிருந்திருக்க முடியாது. இம்மானுவேல் காண்ட் இதற்கு ‘உண்மையையே கூறவேண்டும்’ என விடையளித்தார் என்றும், ஆகவே கடமையை அடிப்படையாகக் கொண்ட அறநெறி மனிதத்தன்மையற்றது என்றும் இரண்டு வாக்கியங்களில் முடித்துவிட்டு, விளைவை நோக்கும் அறநெறிக்கோ, ஜோசப் ஃபிளெட்சர் 1966இல் வெளியிட்ட நூலால் பரவிய சூழ்நிலை ஒழுக்கவியலுக்கோ கடந்து செல்வது தேர்வுத்தாள்களில் வழக்கமாகிவிட்டது. அருளுரைகளிலும் இவ்வழக்கம் நுழைந்துள்ளது. இவ்வாறு விரைந்து கடந்து செல்வோர் காண்டின் கட்டுரையைப் படித்தவர்களாகத் தோன்றவில்லை. அவருக்கு மறுப்பாக எடுத்துக்காட்டப்படும் டீட்ரிக் பொன்ஹோஃபரின் கட்டுரையையும் அவர்கள் முழுமையாகப் படித்ததாகத் தெரியவில்லை. இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்கினால், பொய் பேசலாமா என்பதினும் கடினமான வேறொரு வினா எழுகிறது. பொய் பேசலாம் என்று தீர்ப்புக் கூறும் அதிகாரம் யாருக்கு உண்டு என்பதே அவ்வினா. திருப்பணியில் இருப்போர் தப்பிச்செல்ல இயலாத வினா அது.

காண்டின் கட்டுரை 1797 செப்டம்பரில் பெர்லின் நகரத்து இதழொன்றில் வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது 73. மனிதநேயத்தின் பொருட்டுப் பொய்யுரைக்க உரிமை உண்டு எனக் கருதப்படுவதைப் பற்றியது அது என்று தலைப்பே தெரிவிக்கிறது. அதை எழுதத் தூண்டியவர் பிரெஞ்சு அரசியல் சிந்தனையாளர் பெஞ்சமின் கான்ஸ்டன். உண்மை பேசுவது கடமை என்னும் கொள்கையை எவ்வித வரம்புமின்றி ஏற்றால் சமுதாய வாழ்வே இயலாதாகும் என்றும், இதற்குச் சான்றாக ஒரு ஜெர்மானியத் தத்துவஞானி கொலைஞனிடம்கூடப் பொய் கூறுவது குற்றம் என்று சொல்லியிருக்கிறார் என்றும் அவர் அதே ஆண்டில் எழுதியிருந்தார். அந்த ஞானியின் பெயரை அவர் குறிப்பிடவில்லை. அவ்வெழுத்தை ஜெர்மன் மொழியில் வெளியிட்ட கிராமர் என்பவரே, அது காண்டைக் குறிக்கிறது என்று கான்ஸ்டன் தம்மிடம் கூறியதாக அறிவித்தார். அத்துடன், இந்த விந்தையான கருத்தைக் காண்டுக்கு முன்னரே வெளியிட்டவர் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்து மிக்காயேலிஸ் என்றும் அவர் சேர்த்துக்கொண்டார். எபிரெய வேதாகம ஆராய்ச்சியில் பெயர்பெற்ற மிக்காயேலிஸ்தான் அவர். தத்துவத் துறையின் கொடுமைக்குச் சான்றாக நாம் சுட்டிக்காட்டும் கருத்து வேதாகமத் துறையினின்றும் வந்திருக்கக்கூடும் என்பது நம்மைச் சற்றுத் தாழ்மைப்படுத்த வேண்டும். காண்டோ, தாம் அப்படிக் கூறியது உண்மையே, எங்கே கூறினோம் என்பது இப்போது நினைவில்லை என்று ஒப்புக்கொண்டு விடையெழுதினார்.

கான்ஸ்டனுக்கு இவ்வெடுத்துக்காட்டு அறையில் அமர்ந்து புனைந்த விளையாட்டன்று. 1793 செப்டம்பரில் பிரெஞ்சு நாட்டில் சந்தேகத்திற்குரியோரைப் பற்றிய சட்டம் இயற்றப்பட்டதிலிருந்து, கதவைத் தட்டி ‘உள்ளே யார் இருக்கிறார்கள்’ எனக் கேட்டவர்கள் பெரும்பாலும் அரசாங்கத்தின் ஆட்களே. அப்பயங்கர ஆட்சி முடிந்து மூன்றே ஆண்டுகள் கடந்த நிலையில் கான்ஸ்டன் எழுதுகிறார். அவர் முன்வைத்த தீர்வு எளிமையானது. கடமை என்பது உரிமைக்கு நேர் எதிரே நிற்பது. உரிமை இல்லாத இடத்தில் கடமையும் இல்லை. உண்மையைப் பெறும் உரிமை உடையவனிடத்தில் மட்டுமே உண்மை பேசும் கடமை நமக்கு உண்டு. பிறருக்குத் தீங்கு விளைக்கும் உண்மையைப் பெற எவனுக்கும் உரிமையில்லை. படிப்போர் உள்ளம் உடனே இதற்கு இசைகிறது.

இங்கேதான் காண்ட் குறுக்கிடுகிறார். ‘உண்மையைப் பெறும் உரிமை’ என்னும் சொற்றொடரே பொருளற்றது என்கிறார் அவர். ஒரு கூற்று உண்மையா பொய்யா என்பது எவருடைய விருப்பத்தையும் சார்ந்ததன்று. அது ஒருவருக்கு உடைமையாகி இன்னொருவருக்கு இல்லாமற்போவதன்று. மனிதனுக்கு உரியதும் அவன் பொறுப்பில் இருப்பதும், தான் நினைப்பதையே பேசும் நேர்மைதான். ஜெர்மன் மொழியில் இவ்விரண்டிற்கும் தனித்தனிச் சொற்கள் உண்டு. தமிழிலும் உண்டு. கூற்றின் தன்மையை ‘உண்மை’ என்றும், பேசுகிறவனின் தன்மையை ‘வாய்மை’ என்றும் நாம் வேறுபடுத்திச் சொல்ல முடியும். எனினும் நம் வகுப்பறைகளில் இரண்டையும் ‘சத்தியம்’ என்ற ஒரே சொல்லால் வழங்கிவிடுகிறோம். அதன் பயனாக, காண்ட் எல்லா உண்மைகளையும் எல்லாரிடமும் சொல்லிவிட வேண்டும் என்று கற்பித்ததாக மாணவர்கள் எண்ணிவிடுகின்றனர். அவர் அவ்வாறு கற்பித்ததேயில்லை. 1766இல் மோசே மெண்டெல்சோனுக்கு எழுதிய கடிதத்திலேயே, தாம் உறுதியாக நம்பும் பலவற்றை வெளியிடத் தமக்குத் துணிவு இல்லை; ஆனால் தாம் நினையாத ஒன்றை ஒருபோதும் சொல்லமாட்டோம் என்று அவர் எழுதியிருக்கிறார். மவுனம் வேறு, பொய் வேறு.

கட்டுரையின் முற்கோளையும் நாம் கவனிக்கத் தவறுகிறோம். பதில் கூறாமல் தப்ப இயலாத நிலையில், ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று சொல்லியே தீரவேண்டிய நிலையில் என்ன செய்வது என்பதே காண்ட் எடுத்துக்கொண்ட பொருள். அன்றியும், பொய்யுரைப்பவன் தனக்குத்தானே செய்துகொள்ளும் இழிவைப் பற்றித் தாம் இங்கே பேசவில்லை, அது ஒழுக்கவியலுக்கு உரியது, இங்கே பேசுவது சட்டவியல்பான கடமையைப் பற்றியே என்று அடிக்குறிப்பொன்றில் அவர் தெளிவாக வரையறுக்கிறார். ஒழுக்கவியல் பாடமாக நாம் தலைமுறை தலைமுறையாக நடத்திவரும் கட்டுரை, தன்னை ஒழுக்கவியல் கட்டுரையன்று எனத் தானே கூறுகிறது!

அவருடைய வாதம் இரண்டு கால்களில் நிற்கிறது. அவற்றுள் ஒன்று ஊனமானது. நண்பன் உள்ளே இருக்கிறான் என நினைத்து, ‘இல்லை, வெளியே போய்விட்டான்’ எனப் பொய் கூறுகிறோம். அவனோ நாம் அறியாமல் உண்மையிலேயே வெளியேறியிருக்க, திரும்பிச் செல்லும் கொலைஞன் அவனைத் தெருவில் கண்டு கொன்றுவிடுகிறான். அப்போது அம்மரணத்திற்கு நாமே பொறுப்பாளிகள். உண்மையைக் கூறியிருந்தாலோ விளைவு எதுவாயினும் பொறுப்பு நம்முடையதன்று என்கிறார். இது ஏற்கத்தக்கதன்று. நண்பனை அறிந்தே காட்டிக்கொடுத்தவனை விடுவித்து, அவனைக் காக்க முயன்று தற்செயலாகத் தவறியவனைக் குற்றவாளியாக்கும் நீதி எவ்வகை நீதி? விளைவுகளைக் கருதவேண்டாம் என்று கற்பித்த ஆசிரியர், பொய்யனைத் தண்டிக்கும்போது மட்டும் விளைவுகளை எண்ணிப்பார்ப்பது முறையன்று. நம்மவர் வழக்கமாக ஏளனம் செய்யும் பகுதி இதுவே, அவ்வேளனம் தகும்.

மற்றொன்று உறுதியானது. பொய் கூறுவதால் கொலைஞனுக்கு நான் அநீதி எதுவும் செய்துவிடவில்லை என்பதைக் காண்ட் தாமே ஒப்புக்கொள்கிறார். அநியாயமாக என்னை வற்புறுத்திக் கேட்பவனுக்கு முறையிட இடமில்லை. ஆயினும், மனிதர் வாய்ச்சொல்லின்மேல் கொண்ட நம்பிக்கையால்தான் உடன்படிக்கைகளும் அவற்றின் மேல் கட்டப்பட்ட உரிமைகளும் நிலைபெறுகின்றன. ‘இவனுக்கு உண்மை பெறத் தகுதியில்லை’ என்று நானே தீர்மானித்துப் பொய்யுரைக்கும்போது அப்பொது நம்பிக்கையின் ஊற்றைக் கெடுக்கிறேன். இதனால் இழப்புக்குள்ளாவது கொலைஞன் அல்லன்; மனுக்குலம் முழுவதுமே. இவ்வாதத்தின் கூர்மையைக் கான்ஸ்டனின் தீர்வோடு ஒப்பிட்டாலே உணரலாம். தகுதியுடையவனுக்கே உண்மை என்றால், எதிரில் நிற்பவன் தகுதியுடையவனா என்று முடிவுசெய்யும் நீதிபதி யார்? பேசுகிறவனே. வழக்காடுபவனும் அவனே, தீர்ப்பளிப்பவனும் அவனே. கதவண்டை நிற்பவன் கையில் வாளோடு நிற்கும்போது இத்தீர்ப்பு எளிது. அங்கே நிற்பவர் சபையின் வரவுசெலவுக் கணக்கைக் கேட்கும் ஒரு சாதாரண உறுப்பினராயின்? அவருக்கும் ‘தகுதியில்லை’ என்று சொல்லிவிட ஆலோசனைக் குழுவினர் எத்தனைபேர் ஆயத்தமாயிருக்கிறார்கள்!

இனிக் காண்டின் சொந்த வாழ்க்கையை நோக்குவோம். 1793இல் வெளிவந்த அவரது சமய நூலினால் அரசாங்கத்தின் கோபம் அவர்மேல் திரும்பியது. 1794 அக்டோபரில் பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரெடரிக் வில்லியமின் பெயரால், அமைச்சர் வோல்னர் கையொப்பத்தோடு ஒரு கண்டனக் கட்டளை வந்தது. மாட்சிமை தங்கிய மன்னரின் மிக விசுவாசமுள்ள குடிமகன் என்ற முறையில், சமயத்தைப் பற்றி இனிப் பேசவும் எழுதவும் மாட்டேன் என்று காண்ட் வாக்களித்தார். 1797 நவம்பரில் மன்னர் இறந்தார். மறுஆண்டில் வெளியிட்ட நூலின் முன்னுரையில் இக்கடிதப் போக்குவரத்தை அச்சிட்ட காண்ட், ‘மன்னரின் குடிமகன் என்ற முறையில்’ என்னும் தொடரைத் தாம் வேண்டுமென்றே தெரிந்தெடுத்ததாகவும், அம்மன்னரின் ஆயுட்காலத்திற்கு மட்டுமே அவ்வாக்குத் தம்மைக் கட்டுப்படுத்தியதாகவும் விளக்கினார். கொலைஞனிடம்கூடப் பொய் கூடாது என்று 1797 செப்டம்பரில் எழுதியபோது, அவர் இந்த இருபொருள் வாக்கினுள்ளேதான் வாழ்ந்துகொண்டிருந்தார் என்பதை எண்ணிப்பார்க்க வேண்டும்.

பாரதக் கதையை அறிந்த தமிழ் வாசகருக்கு இவ்விடத்தில் தருமபுத்திரன் நினைவிற்கு வருவான். அசுவத்தாமன் இறந்தான் என்று உரக்கவும், இறந்தது யானை என்பதை மெல்லவும் சொன்னவன் அவன். அதுவரை நிலத்திற்கு நான்கு விரற்கடை மேலே ஓடிய அவனுடைய தேர் அக்கணமே மண்ணில் இறங்கிற்று என்று கதை கூறுகிறது. காண்டின் வாக்கினால் எவரும் மாளவில்லை. ஆகவே இரண்டையும் ஒன்றாக வைப்பது நியாயமன்று. எனினும், கேட்பவர் ஒன்றைப் புரிந்துகொள்ளவேண்டும் என்று எண்ணியே வேறொன்றை உட்பொருளாக வைத்துப் பேசினால், அது வாய்மையாகுமா? சொற்கள் பொய்யல்ல என்பதால் பேசியவரும் பொய்யர் அல்லர் என்று சொல்லிவிடுவதாயின், காண்ட் அரிதாக வேறுபடுத்திக் காட்டிய உண்மையும் வாய்மையும் மீண்டும் ஒன்றாகிவிடுகின்றன. அதே 1797இல் வெளியிட்ட ஒழுக்கவியல் நூலில், கடிதத்தின் முடிவில் ‘தங்கள் கீழ்ப்படிதலுள்ள ஊழியன்’ என்று எழுதுவது பொய்யாகுமா என்று ஒரு கேள்வியை எழுப்பி, அதனால் எவரும் ஏமாறுவதில்லை என்ற குறிப்போடு அவர் விட்டுவிடுகிறார். மன்னரோ ஏமாந்தார். காண்டினிடத்தில் பதிலில்லாத கேள்வி இது என்றே எண்ணுகிறேன்.

வேதாகமத்தின் சாட்சி

பத்துக் கட்டளைகளுள் பொய்ச்சாட்சியை விலக்கும் கட்டளையை, நம்முள் சிலர் ஒன்பதாவதாகவும் லுத்தரன் சபையார் எட்டாவதாகவும் எண்ணுகிறோம். எண் எதுவாயினும், அதன் மூலச்சொற்கள் நீதிமன்றத்திற்கு உரியவை. அயலானுக்கு எதிராகச் சாட்சிக்கூண்டில் நின்று பொய் கூறி அவனுடைய உயிரையோ உடைமையையோ அழிப்பதையே அது நேரடியாக விலக்குகிறது. பொய் என்னும் பொதுக்கருத்தை அக்கட்டளை ஆராயவில்லை. பொய்யினால் அழிக்கப்படும் அயலானையே அது காண்கிறது. ஆகவேதான், யாத்திராகமம் முதல் அதிகாரத்தில் எபிரெய மருத்துவச்சிகளான சிப்பிராளும் பூவாளும் பார்வோனிடம் கூறிய விடையைக் கண்டியாமலும், கர்த்தர் அவர்களுக்கு நன்மை செய்தார் என்று கூறத் தயங்காமலும் வேதாகமம் செல்கிறது. எரிகோவின் ராகாபும் அவ்வாறே. எபிரெயருக்கு எழுதின நிருபம் அவளது விசுவாசத்தையும், யாக்கோபின் நிருபம் அவளது கிரியையையும் புகழ்கின்றன; அவளது பொய்யை இரண்டும் பெயர்சொல்லிப் புகழவில்லை, பழிக்கவுமில்லை. சாமுவேல் பெத்லகேமுக்குச் செல்ல அஞ்சியபோது, பலியிட வந்ததாகச் சொல் என்று கர்த்தரே கற்பித்தார். இது பொய்யன்று, முழு உண்மையுமன்று.

அகஸ்தீன் இப்பகுதிகளோடு உண்மையாகவே போராடினார். பொய்யைப் பற்றி அவர் எழுதிய இரு நூல்களுள் முதலாவது ஏறக்குறைய 395இலும், இரண்டாவது ஏறக்குறைய 420இலும் எழுந்தன. மருத்துவச்சிகளுக்குப் பலன் கிடைத்தது அவர்களுடைய இரக்கத்திற்காகவே, பொய்க்காக அன்று என்பது அவரது விளக்கம். பலர் இதை ஒரு சாமர்த்தியமான விலகலாகக் கருதுவர். ஆனால் இரண்டாம் நூல் எழுந்த காரணத்தை அறிந்தால் அவருடைய கண்டிப்பின் பொருள் விளங்கும். ஸ்பெயின் நாட்டில் பிரிசில்லியக் கொள்கையினர் தங்கள் நம்பிக்கையை மறைத்துச் சபைகளில் வாழ்ந்தனர். அவர்களைக் கண்டுபிடிக்க, சபையார் தாங்களும் பிரிசில்லியர்போல் நடித்து அவர்களுள் நுழையலாமா என்பதே அகஸ்தீன் முன் வைக்கப்பட்ட கேள்வி. அதாவது, அங்கே பொய் பேச அனுமதி கேட்டவள் பார்வோன்முன் நின்ற மருத்துவச்சி அல்லள். அதிகாரம் பெற்றுவிட்ட திருச்சபை. அகஸ்தீன் மறுத்தார். அம்மறுப்பு சரியானதே.

முதல் நூலில் அவர் சொல்லும் ஒரு நிகழ்ச்சி இங்கே குறிப்பிடத்தக்கது. தகாஸ்தே நகரத்துப் பேராயர் ஃபிர்முஸ் தம்மிடம் அடைக்கலம் புகுந்த ஒருவனை ஒளித்துவைத்தார். பேரரசரின் ஆட்கள் தேடிவந்தபோது, தாம் பொய்யும் சொல்லமாட்டோம், அவனைக் காட்டிக்கொடுக்கவும் மாட்டோம் என்றார். உடலை வருத்தியும் அவர் அசையவில்லை. பேரரசரே வியந்து, ஒளிந்திருந்தவனுக்கும் மன்னிப்பு வழங்கினார். காண்டின் கட்டுரையில் இம்மூன்றாவது வழிக்கு இடமில்லை. ‘பதில் கூறாமல் தப்ப இயலாது’ என்ற முற்கோளால் அது அடைக்கப்பட்டுவிட்டது. ஃபிர்முஸ் அதைத் திறந்தார். ஆனால் அதற்குரிய விலையை அவர் தம் உடலில் செலுத்தினார் என்பதையும், மௌனமே காட்டிக்கொடுத்துவிடும் வேளைகள் உண்டு என்பதையும் மறக்கலாகாது. மருத்துவச்சிகள் மௌனம் சாதித்திருப்பார்களாயின் பார்வோன் அதன் பொருளை உடனே அறிந்திருப்பான்.

சிறையில் எழுந்த கட்டுரை

பொன்ஹோஃபர் 1943 ஏப்ரல் 5ஆம் நாள் கைதுசெய்யப்பட்டு டேகல் சிறையில் அடைக்கப்பட்டார். உண்மை பேசுதல் என்பதன் பொருள் யாது என்னும் கட்டுரையை அவ்வாண்டில் அங்கேயே எழுதத் தொடங்கினார். அது நிறைவுபெறவில்லை, அவர் மரித்தபின் 1949இல் வெளிவந்த ஒழுக்கவியல் நூலில் சேர்க்கப்பட்டது. அக்காலத்தில் அவர் விசாரணைகளை எதிர்கொண்டிருந்தார். ஹிட்லருக்கு எதிரான திட்டத்தில் பங்குகொண்ட தம் உறவினரையும் நண்பரையும் காப்பதற்காக விசாரணையாளரைத் திசைதிருப்பும் விடைகளை அளித்துக்கொண்டிருந்தார். ஆகவே, பொய்யைப் பற்றி வெளியிலிருந்து எழுதியவர் அல்லர் அவர்.

கட்டுரையின் நடுவே ஒரு சிறுவன் நிற்கிறான். அவனுடைய தந்தை பெரும்பாலும் குடித்துவிட்டு வீடு திரும்புவது உண்மைதானா என்று ஆசிரியர் வகுப்பார் அனைவர்முன்பும் கேட்கிறார். அது உண்மையே. சிறுவனோ இல்லையென்று மறுக்கிறான். ஆசிரியர் தமக்கு உரிமையில்லாத இடத்தில் நுழைந்து குடும்பத்தின் மறைவைக் குலைத்துவிட்டார் என்கிறார் பொன்ஹோஃபர். வயதும் அனுபவமும் முதிர்ந்த ஒருவன் வீட்டையும் காத்து, பொய்யும் சொல்லாமல் விடையளிக்கும் வழியைக் கண்டிருப்பான். சிறுவனுக்கு அது எட்டவில்லை. அவன் விடையைப் பொய் என்று அழைக்கலாம். ஆயினும், தந்தையின் பலவீனத்தை வகுப்பில் வெளியிட்டிருந்தால் அவ்விடையில் இருந்திருக்கும் உண்மையைவிட இம்மறுப்பில் அதிக உண்மை உண்டு. குற்றம் முழுவதும் ஆசிரியரையே சேரும்.

இப்பகுதியைப் படித்து அசையாதவர் இரார். நம் ஊர்ப்பள்ளிகளில் சாதியையும் தந்தையின் தொழிலையும் வகுப்பார்முன் எழுந்துநின்று சொல்லச்செய்த வழக்கத்தை அறிந்தவர்களுக்கு, அச்சிறுவனின் முகத்தைக் கற்பனைசெய்ய வேண்டியதில்லை. ஒரே சொல் தந்தையிடத்தில் ஒரு பொருளும், ஆசிரியரிடத்தில் வேறொரு பொருளும், பகைவனிடத்தில் இன்னொரு பொருளும் உடையது என்பதை பொன்ஹோஃபர் நிலைநாட்டிவிடுகிறார். கொலைஞனுக்கும் உண்மை சொல்லக் கடமைப்பட்டவராகக் காண்ட் தம்மைக் கருதியது, அவர் தமது கொள்கையை அறியாமலேயே நகைப்பிற்கிடமான எல்லைவரை கொண்டுசென்றதைக் காட்டுகிறது என்றும் கூறுகிறார். உண்மை பேசுகிறோம் என்ற பெருமையோடு வெட்கத்தையும் இரகசியத்தையும் அயலானின் பலவீனத்தையும் மிதித்துச் செல்பவனைச் சாத்தானின் உண்மையைப் பேசுகிறவனாக அவர் காண்கிறார். திருச்சபைகளில் ‘உள்ளதைத்தானே சொன்னேன்’ என்று தொடங்கும் புறங்கூறலைக் கேட்டிருக்கும் ஆயர் எவரும் இதை மறுக்கமாட்டார்.

இருப்பினும் இக்கட்டுரையில் ஒரு குறை உண்டு. உண்மை என்பது உறவுக்கு ஏற்ப அமையும் என்றால், உறவின் தன்மையை வரையறுப்பவர் யார்? சிறுவனுடைய எடுத்துக்காட்டு நம் உள்ளத்தைக் கவர்வதற்குக் காரணம், அவன் எளியவன், ஆசிரியர் வலியவர் என்பதே. இதை பொன்ஹோஃபர் ஓர் அளவுகோலாக வெளிப்படையாக நிறுத்தவில்லை. குடும்பம், பள்ளி, அரசு ஆகிய ஒழுங்குகளுக்கு அவரவர் எல்லை உண்டு என்ற பழைய லுத்தரன் கருத்தின்மேல் வாதத்தைக் கட்டிவிடுகிறார். அவ்வடித்தளத்தின்மேல் நின்று, குடும்பத்தின் மறைவைக் காப்பதாகச் சொல்லி, மனைவியை அடிக்கும் கணவனையும் காக்கலாம். அடிபட்டவளையே பொய் சொல்லும்படி வற்புறுத்தவும் செய்யலாம். அவர் அதற்கு உடன்பட்டிருப்பார் என நான் சொல்லவில்லை. ஒழுக்கவியல் நூலின் பிற பகுதிகளில், அயலானுக்காகக் குற்றத்தை ஏற்பவன் அதைக் குற்றமல்லவென்று நியாயப்படுத்தாமல் தேவனுடைய இரக்கத்திற்குத் தன்னை ஒப்புவிக்கிறான் என்று அவர் எழுதியிருப்பது இதற்குத் தக்க காவலாகும். ஃபிளெட்சரிடத்தில் இக்காவல் இல்லை. அன்பின் பொருட்டுச் செய்த பொய் குற்றமேயன்று, அது நன்மையே என்று கூறிவிடுகிற அவர், மன்னிப்புக் கேட்கவேண்டிய இடத்தையே அடைத்துவிடுகிறார். பொன்ஹோஃபரைச் சூழ்நிலை ஒழுக்கவியலின் முன்னோடியாகக் காட்டும் பாடக்குறிப்புகள் இவ்வேறுபாட்டை அழித்துவிடுகின்றன.

யார் யாரிடம் பொய் சொல்கிறார்?

நம்முடைய சபை வரலாற்றிலிருந்தே ஒரு நிகழ்ச்சி. ஹெஸ்ஸே நாட்டுச் சிற்றரசர் பிலிப், முதல் மனைவி உயிரோடிருக்கையில் 1540 மார்ச்சில் இரண்டாம் திருமணம் செய்துகொண்டார். இதை இரகசியமாக வைக்கும்படி லூத்தரும் மெலாங்தனும் முன்னரே ஆலோசனை கூறியிருந்தனர். செய்தி வெளிப்பட்டபோது, திருச்சபையின் நன்மைக்காக உறுதியான ஒரு பொய்யைச் சொல்லிவிடுவதில் தவறென்ன என்று லூத்தர் அவ்வாண்டு கோடையில் கேட்டார். பிலிப்போ பொய் சொல்ல உடன்படவில்லை. சிப்பிராளின் பொய்யோடு இதை ஒப்பிடுக. அங்கே சொல்லப்பட்டது உயிருக்கு ஆபத்தான குழந்தைகளுக்காக, கொல்லும் அதிகாரம் உடையவனிடத்தில். இங்கே சொல்ல நினைத்தது ஒரு தலைவரின் மானத்திற்காக, உண்மையை அறியவேண்டிய மக்களிடத்தில். இரண்டிற்கும் ‘நன்மைக்காகச் சொன்ன பொய்’ என்ற ஒரே பெயரை இடுகிறோம். இதைவிடப் பெரிய கருத்துக்குழப்பம் வேண்டுமோ?

நம் மேடைகளில் இக்குழப்பத்திற்குத் துணையாக அழைக்கப்படுவது திருக்குறளின் 292ஆம் குறள். குற்றமற்ற நன்மையை விளைவிக்குமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்பது அதன் கருத்து. இதற்கு முந்தைய குறள் வாய்மையைத் தீங்கற்ற பேச்சு என வரையறுக்கிறது. அடுத்த குறளோ, தன் நெஞ்சறிந்து பொய்யுரைப்பவனை அந்நெஞ்சே சுடும் என எச்சரிக்கிறது. முன்னும் பின்னும் இவ்விரு காவலர் நிற்க, நடுவில் உள்ளதை மட்டும் பிடித்திழுத்து வருவது நூலாசிரியருக்குச் செய்யும் நியாயமன்று. அன்றியும், ‘குற்றமற்ற’ என்ற அடைமொழியின் கடுமையைப் பேச்சாளர்கள் எண்ணிப்பார்ப்பதில்லை. யாருக்கும் தீங்கில்லாத நன்மை, பொய்யால் ஏமாறியவருக்கும் தீங்கில்லாத நன்மை, எத்தனை பொய்களால் விளையும்? சிசெலா போக் என்னும் அறிஞர் பொய்யைப் பற்றி 1978இல் வெளியிட்ட நூலில் கூறும் சோதனையும் இதற்கு அண்மையானதே. பொய்க்கு நாம் கூறும் காரணம், ஏமாற்றப்பட்டவர்களையும் உள்ளிட்ட பொதுமக்கள் முன் வெளிப்படையாக எடுத்துச்சொல்லி நிற்கத்தக்கதா என்று அவர் கேட்கிறார். மருத்துவச்சிகளின் காரணம் எபிரெயர் அனைவர்முன்பும் நிற்கும். எகிப்தின் தாய்மார் முன்பும் நிற்கும். கணக்கை மறைக்கும் குழுவின் காரணம் சபைக்கூட்டத்தில் நிற்குமா?

ஆயர் பணியில் இவ்வினா மிகுதியாக எழும் இடம் நோயாளியின் படுக்கை. புற்றுநோய் என்று மருத்துவர் குடும்பத்தாரிடம் சொல்லிவிட்டார்; நோயாளிக்குத் தெரியாது; ‘ஐயரே, அவரிடம் சொல்லிவிடாதீர்கள், மனம் உடைந்துபோவார்’ என்று மகன் வாசலிலேயே கேட்டுக்கொள்கிறார். அன்பினால் எழும் வேண்டுகோள் அது என்பதில் ஐயமில்லை. ஆனால் அமெரிக்க மருத்துவரிடையே 1961இல் நடத்தப்பெற்ற ஓர் ஆய்வில் 90 விழுக்காட்டினர் நோயாளியிடம் புற்றுநோயைத் தெரிவிக்காதிருப்பதையே விரும்பினர். அதே வினாக்களை 1979இல் மீண்டும் கேட்டபோது 97 விழுக்காட்டினர் தெரிவிப்பதையே விரும்பினர். நோயாளியின் நன்மை இதுவே என்று முன்னர்க் கொண்டிருந்த உறுதி பதினெட்டு ஆண்டுகளில் தலைகீழாயிற்று. ‘அவருக்கு எது நல்லது என்று எனக்குத் தெரியும்’ என்னும் கூற்றை நாம் எவ்வளவு எளிதாக நம்பிவிடுகிறோம் என்பதற்கு இது சான்று. இங்கே வலியவர் யார், எளியவர் யார்? படுத்திருப்பவர்தாம் எளியவர். எழுதவேண்டிய உயில், ஒப்புரவாகவேண்டிய சகோதரன், ஆயத்தப்படவேண்டிய ஆத்துமா ஆகிய யாவும் அவருடையவை. அவரிடமிருந்தே உண்மையை மறைக்கிறோம்.

இதனால் ஆயர் நோயறிக்கையைப் படுக்கையருகே வாசிக்கவேண்டும் என்பதாகாது. காண்டின் முற்கோளை இங்கே நினைவுகூர்வது பயன்தரும். ‘ஆம், இல்லை’ என்று சொல்லியே தீரவேண்டிய நெருக்கடி நோயாளியின் அருகில் அரிதாகவே நேரும். மருத்துவர் என்ன கூறினார் என்று அவரையே கேட்கலாம். எதை அறிய விரும்புகிறீர்கள் என்று கேட்கலாம். அவர் கேளாததை வலிந்து சொல்லவேண்டியதில்லை. ஆனால் வாசலில் வேண்டிக்கொண்ட மகனிடம் முன்கூட்டியே ஒன்றைத் தெளிவுபடுத்திவிடலாம்: நானாகச் சொல்லமாட்டேன், தந்தையார் என் கையைப் பிடித்துக்கொண்டு நேரடியாகக் கேட்டால் பொய் சொல்லவும் மாட்டேன், ஆகவே அதற்குமுன் நீங்களும் மருத்துவரும் அவரிடம் பேசிவிடுவது நலம். பெரும்பாலும் மகன் சற்றுநேரம் பேசாமல் நிற்பார். பிறகு, எப்படிச் சொல்வது என்று கேட்பார்.